அடுப்பை எண்ண வந்தவர்களுக்கு

எங்கள் வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். அம்மா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு மாடியேறி, அங்கே இருந்த இரண்டு பர்னர் கேஸ் அடுப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் நோட்டீஸ்: கிரயப் பத்திர நிபந்தனையை மீறி ஒரே மனையில் இரண்டு குடித்தனம், பதினைந்து நாளில் விளக்கம் தரவும்.

விளக்கம் இதுதான். மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

1978-ல் அப்பா வாங்கிய மனை ஐந்து சென்ட். "ஒரு குடும்பம் வசிக்கத்தக்க ஒரே குடியிருப்பு மட்டும் கட்டிக்கொள்ள வேண்டியது" என்ற வரி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. மனைக்கு மனை ஒரு மூலையில் செப்டிக் டேங்க், மறு மூலையில் கிணறு. இப்போது தெருவில் பாதாளச் சாக்கடை ஓடுகிறது. கிணற்றைத் தூர்த்த இடத்தில் கார் நிற்கிறது. அந்த வரி மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டு வருடம் முன்பு நீங்கள் வாய்மொழியாகச் சொன்னபோதே அடுப்பைக் கீழே இறக்கினோம். தம்பி மனைவிக்குக் காலை ஷிப்ட், ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். சமையல்கட்டை ஒட்டிய அறையில் அம்மா மாத்திரை போட்டுப் படுத்திருப்பார். குக்கர் விசிலில் விழித்துவிடுவாரே என்று, அவள் பானையில் சோறு வடித்து, பிள்ளைகளுக்காகத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது படி ஏறுவாள். ஒருநாள் சாம்பார்ச் சட்டியோடு வழுக்கினாள். முன்கை முழுக்க வெந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அடுப்பு மறுபடி மாடிக்குப் போனது. உங்கள் ஆட்கள் அந்தத் தழும்பையும் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு வரியை நீக்கித் தாருங்கள்.

பக்கத்து நிலத்தின் நல்ல அனுபோகத்துக்காக இப்படித் தடை வைக்கலாம் என்று 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவை நோட்டீஸில் காட்டியிருக்கிறீர்கள். சரி. இரண்டு பக்கத்து வீட்டாரும் ஆட்சேபனை இல்லையென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கம் ரோடு. இனி யாருடைய அனுபோகம் கெடுகிறது?

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை மாடியோடு வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையவழியிலேயே அரசு அனுமதி தருகிறது. எங்கள் மனை 2,178 சதுர அடி. அரசு அனுமதி பத்திர நிபந்தனையை அழித்துவிடாது என்பீர்கள். உண்மைதான். அதனால்தானே அழிக்கக்கூடிய உங்களிடம் வந்து நிற்கிறேன்.

மதுரைக்காரனுக்குக் கட்டுப்பாடு புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக்கூடாது. மாசி வீதியில் இடம் வைத்திருக்கும் என் மாமாவுக்கு அதில் நஷ்டம்தான். ஆனாலும் கோபுரம் மறையக்கூடாது என்றால் அவருக்கே புரிகிறது. எங்கள் மாடி அடுப்பு எந்தக் கோபுரத்தை மறைக்கிறது?

ஊருக்குள் மாடியில் குடியிருக்க விடாவிட்டால் சனம் எங்கே போகும்? வயலுக்கும் கண்மாய்க்கும்தான். அங்கே மனை போட்டு விற்பவர்களுக்கு நம் சங்கம் செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, "கண்மாயில் கட்டினால் இப்படித்தான்" என்று டீக்கடையில் தீர்ப்பு சொன்னவர்களில் நம் குழுவினரும் இருந்தார்கள். எல்லோரும் கட்ட வேண்டிய இடத்தில் கட்டவிடுங்களேன் ஐயா.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பேரவையைக் கூட்டித் தீர்மானம் போட்டு, எங்களுக்கு மட்டுமல்ல, கேட்கிற எல்லா மனைதாரர்களுக்கும் அந்த வரியை நீக்கித் திருத்தப் பத்திரம் எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் எங்களுடையது.

அதுவரை அடுப்பு மாடியில்தான் இருக்கும். மறுபடி ஆள் அனுப்புவதானால் விடிகாலை ஐந்து மணிக்கு அனுப்புங்கள். தம்பி மனைவி அந்த அடுப்பிலேயே காபி போட்டுத் தருவாள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினரின் மூத்த மகன்