செனட்டருக்கு ஒற்றை மதிப்பெண் வேண்டாம்: சங்கத்தின் வாக்காளர் கையேட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நவம்பர் தேர்தலுக்காக நீங்கள் தயாரித்திருக்கும் வாக்காளர் கையேட்டின் வரைவைப் படித்தேன். வாக்காளராகப் பதிவு செய்வது, தபால் வாக்குக்கு விண்ணப்பிப்பது, வாக்குச்சாவடியில் என்ன அடையாள அட்டை கேட்பார்கள் என்பது வரைக்கும் எல்லாம் தெளிவாக இருக்கிறது. சமீபத்தில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு அந்தப் பக்கங்களே பெரிய உதவி. எனக்கு ஒப்பாதது செனட்டர்களைப் பற்றிய அட்டவணை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 0 முதல் 100 வரை ஓர் எண், அதன் பக்கத்தில் 'தீவிர இடது', 'மிதவாதி', 'தீவிர வலது' என்று ஒரு முத்திரை. எண் எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்புகூட இல்லை. அந்த அட்டவணையை எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தனியாக மின்னஞ்சல் அனுப்பாமல் எல்லோரும் படிக்க எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கையேட்டை மற்ற ஊர்ச் சங்கங்களும் வாங்கி, தேதியை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது வழக்கம்.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் பார்ப்போம். ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது கீத் பூல், ஹோவர்ட் ரோசன்தால் இருவரும் 1980களில் உருவாக்கிய 'நாமினேட்' முறையை. 1789 தொடங்கி இன்று வரைக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பதிவான வாக்குகளை வைத்து, உறுப்பினர்களுக்கு மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை ஓர் இடம் தருகிறது அது. கணினி மசோதாவைப் படிப்பதில்லை. யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார், எப்போது பிரிந்தார் என்பதை மட்டும் பார்த்து ஆட்களைக் கோட்டில் நிறுத்துகிறது. ஆயிரக்கணக்கான வாக்குகளைச் சேர்த்துப் பார்ப்பதால் வரிசை பெரும்பாலும் நம்பும்படிதான் வரும். 'கவ்டிராக்' இணையதளம் தரும் மதிப்பெண் வேறு வகை. அது வாக்குகளைத் தொடுவதே இல்லை, யாருடைய மசோதாவுக்கு யார் இணை முன்மொழிவாளராகக் கையெழுத்துப் போட்டார் என்று பார்க்கிறது. மூன்றாவது வகை, கொள்கை அமைப்புகள் போடும் அட்டை. 'அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்' போன்ற இடதுசாரி அமைப்பு ஆண்டுக்கு 20 வாக்கெடுப்புகளைத் தானே பொறுக்கி எடுத்து 100-க்கு மதிப்பெண் போடும். எந்த 20 என்பதை முடிவு செய்பவர்கள் அவர்களே. உங்கள் அட்டவணையில் இருப்பது இந்த மூன்றாவது வகை என்றுதான் ஊகிக்கிறேன்.

சரி, எண்ணில் என்ன குறை? 2025 ஜூலை 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ப் 'பெரிய அழகான மசோதா' என்று பெயர் வைத்துக் கொண்டாடிய வரி மசோதா செனட்டில் 50–50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸ் போட்ட ஒரு வாக்கில் நிறைவேறியது. டிரம்பின் வலதுசாரிக் குடியரசுக் கட்சியிலேயே மூன்று பேர் எதிர்த்தார்கள்: ரேண்ட் பால், சூசன் காலின்ஸ், தாம் டில்லிஸ். மசோதா கடன் வரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்துகிறதே என்பது பாலின் கோபம். அவர் பார்வையில் அது போதிய அளவு வலதுசாரி மசோதாவே இல்லை. காலின்ஸும் டில்லிஸும் எதிர்த்தது, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவியில் கைவைப்பதற்காக. ஏட்டில் மூன்றும் ஒரே 'இல்லை'. அன்றைக்கு ஆதரித்து வாக்களித்த லிசா முர்கௌஸ்கியோ, அலாஸ்காவுக்குச் சில விலக்குகளை வாங்கிக்கொண்டு, மசோதா இன்னும் திருந்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே 'ஆம்' போட்டவர். இந்த நால்வரின் மனதை 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொல்லில் பிடித்துவிட முடியுமா?

ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி செனட்டர் ரஸ் ஃபைங்கோல்ட் கதையும் இப்படித்தான். 2001-ல் அரசின் உளவு அதிகாரங்களைக் கூட்டிய தேசபக்திச் சட்டம் 98–1 என்று நிறைவேறியபோது அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்கு அவருடையது. 2010-ல் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் டாட்–ஃபிராங்க் சட்டத்தையும் எதிர்த்து, குடியரசுக் கட்சியினரின் வரிசையில் போய் நின்றார். வங்கிகளை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பது அவர் காரணம். காரணத்தைப் பார்க்காத கணக்கு அந்த வாக்கை வலதுபக்கம்தான் எழுதிக்கொள்ளும்.

விதிகளுக்காகப் போடும் வாக்குகள் இன்னும் வேடிக்கை. 2013 ஏப்ரல் 17 அன்று, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் மான்சின்–டூமி திருத்தம் 54–46 என்று ஆதரவு பெற்றும், தேவையான 60 கிடைக்காமல் தோற்றது. எதிர்த்தவர்கள் பட்டியலில் அதை அவைக்குக் கொண்டுவந்த பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடின் பெயரும் இருக்கும்! வென்ற பக்கத்தில் வாக்களித்தவர்தான் மறுபரிசீலனைத் தீர்மானம் கொண்டுவரலாம் என்பது அவை விதி. அதற்காகவே கடைசியில் 'இல்லை' என்றார். 2019 மார்ச் 26 அன்று பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் பசுமைப் புதிய ஒப்பந்தத் தீர்மானம் 0–57 என்று தோற்றது. ஆதரவு பூஜ்யம். அந்தத் திட்டத்தை செனட்டில் முதலில் முன்வைத்த எட் மார்க்கி உட்பட 43 பேர் 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிந்தார்கள். செனட் குழுவில் ஒரு விசாரணை அமர்வுகூட நடத்தாமல், எங்களைச் சங்கடப்படுத்த, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மெக்கானல் நேராக அவையில் வைக்கிறார் என்பது அவர்கள் குறை. அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் சுற்றுச்சூழலுக்கு செனட்டில் நாதியே இல்லை என்று தோன்றும்.

அப்புறம், வராதவர்கள். 2003-க்கு 'நேஷனல் ஜர்னல்' பத்திரிகை ஜான் கெர்ரியை செனட்டிலேயே மிகத் தாராளவாதி, அதாவது மிக இடதுசாரி என்றது. அதிபர் வேட்பாளராக ஊர் சுற்றிக்கொண்டிருந்த அவர், பத்திரிகை தேர்ந்தெடுத்த வாக்கெடுப்புகளில் பாதிக்கு மேல் வரவே இல்லை. 2007-க்கு அந்தப் பட்டம் ஒபாமாவுக்குப் போனது. தேர்ந்தெடுத்த 99 வாக்கெடுப்புகளில் அவர் வாக்களித்தது 66-ல், அதில் தாராளவாதத் தரப்பில் 65. ஹிலாரி கிளிண்டனுக்கு 82-ல் 77. இதை வைத்து ஒருவருக்கு முதலிடம், மற்றவருக்கு 16-ஆம் இடம். இருவர் கொள்கையிலும் அவ்வளவு தூரமா இருந்தது? 'அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்' கணக்கிலோ, வராமல் போனால் அது எதிர் வாக்குக்குச் சமம், மதிப்பெண் இறங்கும். ஆக, ஆள் வராத அதே நாள் ஓர் அட்டையில் அவரை இடதுபக்கம் தள்ளுகிறது, இன்னொன்றில் வலதுபக்கம். தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சி விளம்பரத்துக்கு எது தோதோ, அது மேடையேறும்.

இதெல்லாம் பதிவான வாக்குகளின் கதை. நம் வீடுகளில் தினமும் பேசப்படும் விஷயத்துக்குப் பதிவான வாக்கே கிடையாது என்பதை நீங்கள் கவனித்தீர்களா? கிரீன் கார்டு வரிசையைச் சொல்கிறேன். வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு தருகிறார்கள். அதில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பை நீக்க 2019-ல் எஸ்.386 என்ற மசோதா வந்தது. முன்னின்றவர் யூட்டா மாநிலத்தின் மைக் லீ, செனட்டின் மிக உறுதியான பழமைவாதிகளில் ஒருவர். அவரோடு கைகோத்தவர் கமலா ஹாரிஸ். கீழவை தன் வடிவத்தை அந்த ஜூலையில் 365–65 என்று நிறைவேற்றிவிட்டது. செனட்டிலோ லீ அதை ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வழியில் ஒரே ஒருவர் எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்' என்றால் கதை முடிந்தது. ரேண்ட் பால் செவிலியர்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மறித்தார். பிறகு ஜார்ஜியாவின் டேவிட் பெர்ட்யூ. அவர்கள் சமாதானமானதும், அக்டோபரில் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின் மறித்தார். டர்பின் பரம்பரைப் பழமைவாதி எல்லாம் இல்லை, குடியேறிகளின் பிள்ளைகளுக்கான ட்ரீம் சட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தூக்கிச் சுமப்பவர். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் மற்ற நாட்டவர் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். கடைசியில் 2020 டிசம்பர் 2 அன்று திருத்தங்களோடு ஒருமனதாக நிறைவேறியது. கீழவையின் வடிவமும் செனட் வடிவமும் ஒத்துப்போகாமல், அந்தக் காங்கிரஸ் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியானது.

உங்கள் அட்டவணையில் லீ 'தீவிர வலது', டர்பின் 'இடது'. அதைப் படிக்கும் நம் ஆள் கிரீன் கார்டு விஷயத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று ஊகித்தால், நேர் தலைகீழாகத்தான் ஊகிப்பார். டர்பின் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. இந்த வாதத்தை எடைபோட வாசகருக்கு வாய்ப்புத் தராமல் முத்திரையைக் குத்திவிட்டுப் போகிறது உங்கள் அட்டவணை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

செனட்டின் குழுக்களைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை. செனட்டரின் அதிகாரத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது, எந்த மசோதாவை எடுப்பது, எதைக் கிடப்பில் போடுவது எல்லாம் குழுத் தலைவர் கையில். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஒபாமா நியமித்த மெரிக் கார்லண்டுக்கு நீதித்துறைக் குழுத் தலைவர் சக் கிராஸ்லி விசாரணை அமர்வே நடத்தவில்லை. அந்த நியமனம் 2017 ஜனவரி 3 அன்று தானாகக் காலாவதியானது. உச்ச நீதிமன்றத்தின் போக்கையே திருப்பிய முடிவு அது, வாக்குப் பதிவில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சின் இன்னும் நல்ல பாடம். தன் கட்சி அதிபர் பைடனின் பெரிய சமூகநலத் திட்டத்தை 2021 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கொன்றார். அவையில் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2022 ஆகஸ்டில் அதன் சுருங்கிய வடிவம் 51–50 என்று நிறைவேறியபோது அவர் 'ஆம்'. பதிவில் இருப்பது இந்த 'ஆம்' மட்டும். அதே ஆண்டு இறுதியில் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் கிளிக்கின் மறுநியமனத்துக்கு, எரிசக்திக் குழுத் தலைவராக இருந்த மான்சின் விசாரணை அமர்வு நடத்த மறுத்தார். எரிவாயுக் குழாய்களுக்கு அனுமதி தரும்போது பருவநிலைப் பாதிப்பையும் பார்க்க வேண்டும் என்று நினைத்த கிளிக் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நிலக்கரியும் எரிவாயுவும் தோண்டும் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் யார் பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வாக்கெடுப்புகளில் கிடைக்காது.

குழுவைப் பார்த்தால் கெட்டது மட்டும்தான் தெரியும் என்றில்லை. கார்லண்டைக் கிடப்பில் போட்ட அதே கிராஸ்லி, 2019-ல் நிதிக்குழுத் தலைவராக ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனோடு சேர்ந்து மருந்து விலையைக் குறைக்கும் மசோதாவைக் குழுவில் 19–9 என்று நிறைவேற்றினார். எதிர்த்த ஒன்பது பேரும் அவருடைய கட்சிக்காரர்கள்! மெக்கானல் அதை அவைக்குக் கொண்டுவரவில்லை. அவை வாக்குகளை மட்டும் கூட்டினால், மருந்துக் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்ற கிராஸ்லி யார் கண்ணிலும் படமாட்டார்.

நம் பிள்ளைகள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் நாம் விடுவதில்லையே, கணக்கில் எவ்வளவு, அறிவியலில் எவ்வளவு என்று குடைகிறோம். செனட்டர்களையும் அப்படிக் குடையலாம். எண்ணை எடுத்துவிட்டு, அவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார், அங்கே தலைவரா, சிறுபான்மைத் தரப்பின் மூத்தவரா என்று எழுதுங்கள். தன் கட்சியிலிருந்து பிரிந்து வாக்களித்த இரண்டு மூன்று தருணங்களையும், அதற்கு அவரே சொன்ன காரணத்தையும் போடுங்கள். எதிர்க்கட்சிக்காரரோடு சேர்ந்து கொண்டுவந்த மசோதா இருந்தால் அதன் பெயரையும், அது எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதையும் சேருங்கள். எத்தனை வாக்கெடுப்புகளுக்கு வரவில்லை என்பது தனியாக இருக்கட்டும், கொள்கையோடு கலக்க வேண்டாம். அவை வாக்குகளை செனட்டே வெளியிடுகிறது, மசோதாக்களின் பயணத்தை காங்கிரஸ் நூலகத்தின் பதிவேட்டில் பார்க்கலாம், குழு அமர்வுகளின் காணொளிகள் அந்தந்தக் குழுவிடம் கிடைக்கும். பேச்சைக் கேட்பதைவிட அவர் சாட்சிகளிடம் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். கேமராவுக்காகக் கேட்கும் கேள்வி எது, கோப்பைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், குறைந்தது எந்த முறை, எந்த ஆண்டு, எத்தனை வாக்குகள், வராதவர்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையாவது அடியில் போடுங்கள். ஓராண்டு மதிப்பெண் மட்டும் வேண்டவே வேண்டாம். கமலா ஹாரிஸை 2019-ன் மிகத் தாராளவாத செனட்டர் என்று காட்டிய ஓராண்டுப் பட்டியலை, ஓராண்டுக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்று சொல்லி கவ்டிராக்கே 2024-ல் விலக்கிக்கொண்டது.

இன்னொன்று, இது நம் பணப்பையைத் தொடுவது. சங்கம் 501(சி)(3) வரிவிலக்கு பெற்ற அமைப்பு. வாக்காளர் கையேடு வெளியிடத் தடையில்லை, ஆனால் ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ அது சாயக் கூடாது. யாரோ ஒரு கொள்கை அமைப்பு பொறுக்கிய வாக்குகளின் மதிப்பெண்ணோடு, போட்டியில் நிற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'தீவிர' என்று நம் சங்கத்தின் முத்திரையோடு அச்சடித்தால், வருமான வரித்துறைக்கு யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம். அச்சுக்கு அனுப்புமுன் செயற்குழுவில் இருக்கும் வழக்கறிஞர் அந்த அட்டவணையை ஒருமுறை பார்க்கட்டும்.

நம் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் மேலே சொன்ன முறையில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர நான் தயார். எனக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் மாற்றுக் கருத்துள்ள இருவராவது அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்