பொருள்: பழைய தொடர் டிவிடியில் பாட்டையும் காணோம், ஒன்பதாம் வாரத்தையும் காணோம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர், கன்னியாகுமரி மாவட்டம்

வணக்கம்.

போன மாதம் உங்கள் இணையக் கடையில் 799 ரூபாய் கட்டி, எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் வந்த அந்த 13 வாரத் தொடரின் டிவிடியை வாங்கினேன். பில் நகல் இத்துடன் இருக்கிறது. வாங்கியது எனக்காக அல்ல, அம்மாவுக்காக. அவருக்கு இப்போது 78 வயது. முட்டு வலியால் கோயிலுக்குக்கூடப் போவதில்லை, சாயந்திரம் டிவிதான் துணை. இந்தத் தொடரை மறுபடி பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் விலையைக்கூடப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தொலைபேசியில் பேசிய தம்பி என்னை ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்து "சார், மூலப் பிரதியே அப்படித்தான் சார்" என்று மூன்று தடவை சொன்னார். தொண்ணூறுகளில் மார்த்தாண்டத்தில் வீடியோ கேசட் லைப்ரரி நடத்தியவன் நான். கல்யாண வீட்டுக்கு டெக் வாடகைக்கு விட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு அடைத்துப் படம் பனி மாதிரி ஓடும்போது கர்ச்சீப்பில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தவன். எது மூலப் பிரதியின் கோளாறு, எது உங்கள் கைவேலை என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்ததுமே முதல் சந்தேகம் வந்தது. தட்டின் அடிப்பக்கம் ஊதா நிறம். தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடி வெள்ளியாக மின்னும், ஊதா என்றால் கம்ப்யூட்டரில் எரித்த தட்டு. சரி, விற்பனை குறைவு, ஆயிரக்கணக்கில் அச்சடிக்கக் கட்டுப்படியாகாது, அதை விட்டுவிடலாம். ஆனால் உங்கள் அட்டைக் கணக்குப்படி 13 வாரத்தையும் ஒரே தட்டில் திணித்திருக்கிறீர்கள். ஒரு வாரம் 22 நிமிஷம் என்றாலும் மொத்தம் 286 நிமிஷம். 4.7 ஜிபி தட்டில் ஒழுங்கான தரத்தில் ரெண்டு மணி நேரம்தான் கொள்ளும். அதனால் ராத்திரிக் காட்சி வந்தாலே சுவரெல்லாம் கட்டம் கட்டமாகச் சதுரம் விழுகிறது. போதாக்குறைக்கு, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகளைச் சரியாகச் சேர்க்காததால், யாராவது கையை வீசினால் விரல்கள் சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கின்றன. இதற்கு மேலே அட்டையில் பொன்னெழுத்தில் 'எச்.டி. தரம்' என்று வேறு. டிவிடியில் நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) முறைக்கு 576 கோடுதான் உச்சம், அதில் எச்.டி. எங்கிருந்து வரும்? சட்டிக்குள் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வெளிநாட்டில் பழைய தொடர்களை எச்.டி. ஆக்கி விற்கிறார்களே என்றும் அந்தத் தம்பி சொன்னார். ஆக்குகிறார்கள்தான், எதை என்று பார்க்க வேண்டும். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 35 எம்எம் பிலிமில் எடுத்த தொடர், எடிட்டிங் மட்டும்தான் வீடியோ டேப்பில் நடந்தது. அதனால் 2012-லிருந்து ப்ளூரேயாகக் கொண்டுவந்தபோது நெகட்டிவை வெளியே எடுத்து, 178 எபிசோடையும் ஷாட் ஷாட்டாக மறுபடி கோத்தார்கள். நம் தொடர் எடுத்ததே டேப்பில். டேப்பில் இருப்பதுதான் படம், அதற்குப் பின்னால் நெகட்டிவ் எதுவும் கிடையாது. அந்த டேப்பைப் பத்திரமாக, உள்ளது உள்ளபடி மாற்றிக் கொடுத்திருந்தாலே எங்களுக்குப் போதும், யாரும் எச்.டி. கேட்கவில்லை.

படத்தை வெட்டிய கதைக்கு வருகிறேன். அன்றைக்கு டிவி பெட்டி நாலுக்கு மூன்று, இன்றைக்குப் பதினாறுக்கு ஒன்பது. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருந்தால் வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள் என்று பயந்து, மேலேயும் கீழேயும் சேர்த்துக் கால்வாசிப் படத்தைக் கழித்துவிட்டீர்கள். 576 கோட்டில் 144 கோடு குப்பைக்குப் போயிற்று, மிச்சத்தை இழுத்து நீட்டியிருக்கிறீர்கள். மூன்றாவது வாரத்தில் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார், அவர் மடியில் மகனிடமிருந்து வந்த தபால் கார்டு இருக்கும், பேசப் பேச அவருடைய கட்டை விரல் அந்தக் கார்டின் மூலையை மடக்கி மடக்கி நிமிர்த்தும். வாய் ஒன்று சொல்லும், விரல் வேறொன்று சொல்லும். அம்மா அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உங்கள் டிவிடியில் அவர் தலை இருக்கிறது, மார்பு இருக்கிறது, கை இல்லை. 2021-ல் 'சைன்ஃபெல்ட்' தொடரை நெட்ஃபிளிக்ஸில் போட்டபோது இதே வேலையைத்தான் செய்தார்கள். ரோட்டில் இருக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றிய எபிசோடில் பள்ளமே வெட்டுப்பட்டுப் போய், உலகமே சிரித்தது. அதற்கப்புறமும் நீங்கள் பாடம் கற்கவில்லை.

ஆனால் இதையெல்லாம்கூட அம்மா ஏற்றுக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஆறாவது வாரம்தான்.

அதில் கதாநாயகி அடுப்படியில் அரிவாள்மணையில் ஏத்தங்காய் நறுக்குவாள். ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவளும் முணுமுணுத்துக்கொண்டே புருஷனிடம் நாலு வார்த்தை பேசுவாள். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அன்றைக்கு எங்கள் தெருவில் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். டிவி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளம் பளிச்சென்று வரும், குளச்சல் பக்கம் கடற்கரை ஊர்களில் இலங்கை ரூபவாஹினிகூடக் கிடைக்கும், தமிழுக்குத்தான் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நம்பி பூஸ்டர் போட்டு, மாடியில் ஒருவன் நின்று குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவன் நான்தான். அதனால் அந்தக் காட்சியை முதல் தடவை நான் பார்க்கவேயில்லை, கீழேயிருந்து கேட்டேன்.

உங்கள் டிவிடியில் பாட்டு இல்லை. அதற்குப் பதில் கீபோர்டில் வாசித்த, லிஃப்டுக்குள் போடுவது மாதிரியான ஒரு இசை. பாட்டைத் தொடரில் அந்த வாரம் ஒளிபரப்ப மட்டும்தான் அன்றைக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள், வீட்டுக்கு வீடு விற்கும் ஒரு காலம் வரும் என்று யாரும் எழுதி வாங்கியிருக்க மாட்டார்கள். இன்றைக்கு இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையும் இருக்கிறது, 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவர்கள் ராயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள், அது நியாயமும்கூட. ஒரு பாட்டுக்குக் கேட்கும் காசு மொத்தத் தொடரின் விற்பனையை விட அதிகமாக இருக்கலாம். அமெரிக்காவில் 'தி வொண்டர் இயர்ஸ்' 1993-ல் முடிந்த தொடர், பாட்டு உரிமைச் சிக்கலால் முழுத் தொகுப்பு டிவிடியாக வர 2014 ஆயிற்று. இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை.

நீங்கள் அதோடு நிற்கவில்லையே. அந்தக் காலத்து டேப்பில் பேச்சும் பாட்டும் ஒரே டிராக்கில் கலந்திருக்கும், பாட்டை மட்டும் சுலபமாக உருவ முடியாது. அப்படியே பாட்டை எடுத்தால் பேச்சும் போகும். போயிற்று. போன பேச்சை யாரோ ஒரு பெண்ணை வைத்துப் புதிதாகப் பேச வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் கண்புரை ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது, காதுக்கு ஒன்றும் இல்லை. முதல் வார்த்தையிலேயே நிமிர்ந்தார்.

"மக்ளே, இது அவ சத்தம் இல்லியே."

நான் ஏதோ சமாளித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்ட எங்க மக்ளே கொண்டு போனானுவ?" என்றார். நான் காப்புரிமைச் சட்டத்தையா விளக்க முடியும்? ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒன்பதாவது வாரம். அட்டையில் 13 என்று இருக்கிறது, மெனுவிலும் 13 இருக்கிறது. எட்டாவது வாரக் கடைசியில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறாள், அடுத்த பட்டனை அழுத்தினால் அண்ணன் வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறாள். இடையில் ராத்திரி முழுக்கப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பாளே, அந்த 22 நிமிஷம் எங்கே? எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்று கடைசி வாரத்தை நடுவில் ஒடித்து, டைட்டிலை இரண்டு தடவை ஓடவிட்டு, 12, 13 என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதை நேரில் பார்த்தது உங்கள் மெனுவில்தான்.

டேப் தொலைந்திருக்கலாம், அழித்து மறுபடி பதிவு செய்திருக்கலாம். டிவி நிலையங்களில் பயன்பட்ட யூ-மேட்டிக் கேசட் விலைக்கு அன்றைக்கு யாரும் பழசைச் சேர்த்துவைக்க ஆசைப்படவில்லை. பிபிசியே அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளை அழித்திருக்கிறது, தொண்ணூறுக்கு மேல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் முழுசாகக் கிடைத்தது, எதனால் தெரியுமா, வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால். பிபிசிக்காரர்கள் அதை ஒளித்துவைக்காமல், இது காணாமல் போனது, இது ஒலி மட்டும் உள்ளது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நீங்களும் 'ஒன்பதாம் வாரம் கிடைக்கவில்லை' என்று அட்டையில் ஒரு வரி போட்டிருந்தால் நான் அப்போதும் வாங்கியிருப்பேன், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ஒன்பதாம் வாரம் என்னிடம் இருக்கிறது. முழுசாக இல்லை, ஏறக்குறைய 15 நிமிஷம். லைப்ரரி நடத்தியபோது மறுஒளிபரப்பில் ஒரு இ-180 (மூன்று மணி நேர) கேசட்டில் பதிந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எங்கள் பின்கட்டு ஓடு பறந்து, அட்டைப் பெட்டியில் இருந்த கேசட்டெல்லாம் நனைந்தன. அதற்கு முன்பே ஆனியாடிச் சாரலில் பாதிக்குப் பூஞ்சை பிடித்திருந்தது, டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் இருக்கும், அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் காலி. காய்ந்த துணியால் சுற்று சுற்றாகக் கையால் துடைத்து எடுத்ததில் ரெண்டு கேசட் பிழைத்தது, அதில் இது ஒன்று. நாகர்கோவிலில் பழைய கல்யாண கேசட்டுகளை மாற்றிக் கொடுப்பவரிடம் போனேன். ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் விசிஆர் தயாரிப்பதை நிறுத்தியதிலிருந்து புது டெக் உலகத்திலேயே கிடையாது, இவர் நாலு பழைய டெக்கைப் பிரித்து ஒன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். படம் கீழ்ப் பக்கம் சுருங்கிக் கொடியாக ஆடுகிறது, இடையில் சோப்பு விளம்பரம் வருகிறது. ஆனாலும் பேருந்து நிலையம் இருக்கிறது, அவள் இருக்கிறாள், அவளுடைய சொந்தக் குரல் இருக்கிறது.

ஆறாவது வாரமும் அதே கேசட்டில் பாதி இருக்கிறது. பாட்டோடு.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 799 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அட்டையிலிருந்து 'எச்.டி. தரம்', '13 பகுதிகளும் முழுமையாக' என்கிற இரண்டையும் எடுங்கள். எந்தெந்தப் பாட்டு மாற்றப்பட்டது, எந்த வசனம் புதுக்குரலில் இருக்கிறது, எந்த வாரம் இல்லை என்று ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். அடுத்த பதிப்பு போட்டால் நாலுக்கு மூன்றிலேயே, ரெண்டு மூன்று தட்டாகப் போடுங்கள், நூறு ரூபாய் கூடினாலும் வாங்குகிற ஆட்கள் இருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நான் உங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை.

கேசட்டை நகலெடுக்க இலவசமாகவே தருகிறேன், காசு வேண்டாம். கூரியரில் மட்டும் அனுப்ப மாட்டேன். ஆள் அனுப்பினால் நாகர்கோவில் கடையில் என் முன்னால் வைத்து எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வராதீர்கள், தை பிறந்து வெயில் ஏறட்டும், ஈரத்தில் அந்த டேப்பை ஓட்ட விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், தட்டின் அடிப்பக்கப் புகைப்படம், மூன்றாவது வாரத் திண்ணைக் காட்சியின் புகைப்படம் (கை இல்லாதது).