மாரிக்கு முன் டிரிப் சுவிச்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "டிரிப் சுவிச் நிக்குதில்லை." கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டுக்கான கரண்டை வெட்டும் சுவிச் அது. அதற்கு ஊருக்குள் ஒரு கைவைத்தியமும் இருக்கிறது. கொஞ்சம் வயரிங் தெரிந்த பெடியன் ஒருவன் வருவான். டிரிப் சுவிச்சுக்கு மேலே வரும் இரண்டு வயரையும் கீழே போகும் இரண்டு வயரோடு நேரே முறுக்கி, டேப் சுற்றி, பெட்டியை மூடிவிட்டுப் போவான். வெளியே ஒன்றும் தெரியாது. லைட் எரியும், மோட்டர் ஓடும். கரண்ட் அடித்தால் ஆளைக் காப்பாற்ற அந்த வீட்டில் அதன்பின் எதுவும் இல்லை. மின் வேலை செய்பவர்கள் என்ற முறையில் அதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறோம்.

"பிரேக்கர் இருக்குத்தானே" என்பது வழக்கமான பதில். பிரேக்கர், கரண்ட் அளவுக்கு மிஞ்சி ஓடினால் விழுந்து வயரைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல. இலங்கையில் வீடுகளுக்கு மின்சார சபை தருவது கரண்ட் வரும் லைவ், அது திரும்பும் நியூட்ரல் ஆகிய இரண்டும்தான். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தை ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் செப்புக் கோல் அடித்துத் தானே தேடிக்கொள்ள வேண்டும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணலில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்மண் காய்ந்து பொரிந்துவிடும். ஈரமில்லாத மணல் கரண்டை உள்ளே விடாது. நாலடிக் கோலை இரண்டடி இறக்கிவிட்டு மிச்சத்தை வெட்டிய இடங்களும், பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிவைத்து, பிறகு குழாய் பி.வி.சி.யாக மாறியது தெரியாமலே இருக்கும் வீடுகளும் உண்டு.

நல்ல எர்த் என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். கோலின் தடை 20 ஓம். கிணற்று மோட்டரின் உடம்பில் லைவ் தொட்டுவிட்டது. 230 வோல்டை 20 ஆல் வகுத்தால் 11.5 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண வேலை, அது விழாது. மோட்டர்க் கூட்டில் ஏறக்குறைய முழு வோல்ட்டும் நிற்கும். அதை ஈரக்கையோடு ஒருவர் தொட்டால், மனித உடம்பின் தடை ஈரத்தில் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், அவருக்குள் ஓடுவது கால் அம்பியருக்குச் சற்றுக் குறைவு. பிரேக்கருக்கு அது ஒரு பல்ப் எரிவதுபோல. இதயத்துக்கோ அதில் ஒரு பங்கே போதும்.

டிரிப் சுவிச் பார்ப்பது வேறு கணக்கு. லைவில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே விழும். அந்த அளவில் 0.3 செக்கனுக்குள்ளும், ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 செக்கனுக்குள்ளும் விழ வேண்டும் என்பது தரம். அதன் முகத்தில் 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று எழுதியவை தீயைத் தடுக்கப் போடுபவை, ஆளுக்கு உதவா. லைவையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரையும் டிரிப் சுவிச் அறியாது. அவரை அது ஒரு பல்ப் என்றே நினைக்கும். வயரில் பாரம் கூடினாலும், அதாவது அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினாலும், அதற்குத் தெரியாது. ஆகவே பிரேக்கர், டிரிப் சுவிச் இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இனி, மழைக்கு அது ஏன் விழுகிறது? பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது. எங்கோ ஈரம் ஏறிக் கரண்ட் கசிகிறது. கேற் லைட்டின் ஹோல்டர், கிணற்றடி ஜொயின்ட், தகரக் கொட்டிலுக்கு இழுத்த வயர், பழைய கேத்தலின் சுருள், பிரிட்ஜின் பனியுருக்கி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலே வீட்டார் ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிச்சை அணைப்பது போதாது, கழற்றவே வேண்டும். எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு டிரிப் சுவிச்சை ஏற்றுங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக, இடையில் ஒரு நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பக்கத்து வயரிங்கில் கோளாறு. எல்லாம் ஏற்றியும் நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள், குற்றவாளி தானே அகப்படும். அந்தப் பொருளை ஒதுக்கிவிட்டால் வீட்டின் மற்ற இடங்களுக்குக் கரண்ட் இருக்கும்.

எல்லாப் பிரேக்கரும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால்? இங்கேதான் அரைகுறை ஆட்கள் தடுமாறுவார்கள். வீட்டுப் பிரேக்கர் வெட்டுவது லைவை மட்டும். நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது டிரிப் சுவிச்சே பழுது. நியூட்ரல் இப்படித் தொட்டால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பாரமில்லாத நேரம் ஒன்றுமிராது. அயன் போட்டதும் விழும். அயனில் பிழையே இராது. அதன் வழியே போன கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலால் வராமல் எர்த்தால் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் அயனை மாற்றியவர்களும் உண்டு, டிரிப் சுவிச்சையே மூன்று தரம் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. இந்த இடத்தில் ஊகம் சரிவராது. வயரின் தோல் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் 500 வோல்ட் காப்புத்தடை மானியால், ஒவ்வொரு பிரேக்கரிலிருந்தும் போகும் சுற்றையும் அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சுற்றில் பிழை இருக்கிறது.

புதிதாக அறை கட்டும்போது நடக்கும் இரண்டு தவறுகளைத் தனியே சொல்ல வேண்டும். யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளோடு பின்னால் ஒரு குசினியும் குளியலறையும் சேர்த்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவும். லைவை டிரிப் சுவிச்சுக்குப் பின்னாலும் நியூட்ரலை அதற்கு முன்னாலும் எடுத்தால் போன கரண்ட் அந்த வழியால் திரும்பாது, சுவிச் போட்ட கையோடு விழும். காரணம் புரியாதவர் இரண்டையும் மெயின் சுவிச்சிலிருந்தே இழுத்துவிடுவார். பிறகு ஒன்றும் விழாது. வீட்டிலேயே ஈரம் கூடிய குளியலறை, டிரிப் சுவிச்சுக்கு வெளியே போய்விடும்.

மற்றது இதைவிடக் கொடியது. நியூட்ரல் கைக்கு எட்டவில்லை என்று எர்த் வயரையே நியூட்ரலாக வைத்து பல்ப் போடுவது. டிரிப் சுவிச்சை நேராக்கிய வீட்டில் பல்ப் அழகாக எரியும். கோலின் கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கழன்ற அன்று, பல்ப் வழியாக வந்த கரண்ட் போக இடமின்றி எர்த் வயர் முழுவதும் நிற்கும். பிரிட்ஜ், வோஷிங் மெஷின், மோட்டர் என்று எர்த் பிடித்த எல்லா உலோகத்திலும் ஒரே நேரத்தில் கரண்ட். ஒழுங்காக எர்த் போட்ட பொருளே ஆளைக் கொல்லும் நிலை இது.

கிணற்று மோட்டருக்கு வருவோம். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் அளவு எடுக்கும், கிளம்பும் கணத்தில் அதன் ஐந்து மடங்கு. வேலியோரமாக 30 மீற்றர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் தட்டை வயரை இழுத்தால், போக வர அதன் தடை ஏறக்குறைய 1.4 ஓம். கிளம்பும்போது வயரிலேயே 40 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். மோட்டர் சுற்றாமல் உறுமும், சூடாகும், சுருளின் காப்பு கருகும், கடைசியில் லைவ் உடம்பில் ஏறும். மேலே சொன்ன கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தட்டை வயரில் எர்த்துக்கு மூன்றாவது கம்பியும் கிடையாது. செய்ய வேண்டியது இது: 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி கேபிள். ஒன்றரை அடி ஆழத்தில் பி.வி.சி. குழாய்க்குள், நடுவில் ஒரு ஜொயின்ட்கூட இல்லாமல். சுவிச் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவதாக, மழை படாத இடத்தில் இருக்கட்டும். தண்ணீருக்குள் இறக்கும் மோட்டரை நைலோன் கயிற்றில் கட்டுங்கள், வயரில் தொங்கவிடாதீர்கள். மோட்டரைத் தூக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

தகரக் கூரைக்கு அடியில் வயர் போனால் குழாய்க்குள் போகட்டும். காற்றில் தகரம் அசைந்து வயரின் தோலை அறுக்கும். கூரை முழுவதும் கரண்ட் ஏறியிருப்பது யாருக்கும் தெரியாது, உடுப்புக் காயப்போடும் கம்பி அந்தக் கூரைச் சட்டத்தில் கட்டியிருந்தால் ஈரத் துணியோடு போகிறவருக்குத் தெரியும். அந்தக் கம்பியை இன்றே நைலோன் கயிறாக மாற்றலாம், அதற்கு வயர்மன் தேவையில்லை.

தீ வேறு வழியாக வரும். லைட்டுக்கு 1 சதுர மில்லிமீற்றர், அதாவது கடையில் 1/1.13 என்று கேட்கும் வயர், 6 அம்பியர் பிரேக்கர். பிளக் பொயின்டுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், 16 அல்லது 20 அம்பியர். உடனடி வெந்நீர் ஹீட்டருக்குத் தனி வயர், 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர், அதன் வாட்டைப் பார்த்து. பிரேக்கர் விழுகிறது என்று வயரை விட்டுவிட்டு 16ஐ 32 ஆக்கினால், பிரேக்கர் விழ வேண்டாம், சுவருக்குள் இருக்கும் வயரே எரியட்டும் என்று முடிவுசெய்கிறோம். பழைய பியூஸ் பெட்டி உள்ளவர்கள் 5 அம்பியருக்கு 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்கு 0.5 மில்லிமீற்றர் பியூஸ் கம்பி போட வேண்டும். வயரின் நாலு இழையை முறுக்கிப் போடுவது பியூஸ் ஆகாது. வயர் வாங்கும்போது இலங்கைத் தரச் சின்னமான எஸ்.எல்.எஸ். முத்திரை பாருங்கள், ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை ஸ்குரூவில் இறுக்கினால் நாளடைவில் தளரும்.

தளர்ந்த ஸ்குரூதான் உண்மையான கொள்ளி. 2000 வாட் கேத்தல் 9 அம்பியர் எடுக்கும். பிளக்குக்குள் அரை ஓம் தடை வந்தால் அந்தச் சின்ன இடத்தில் 40 வாட் சூடு, ஒரு சோல்டரிங் அயனை உள்ளே விட்டு மூடியதுபோல. பிரேக்கருக்கும் டிரிப் சுவிச்சுக்கும் இதில் ஒரு பிழையும் தெரியாது. பிளக்கின் முகம் பழுப்பாகும், சூடான பிளாஸ்டிக்கிலிருந்து மீன் வாடை வரும். நம் ஊரில் மீன் வாடையை யாரும் சந்தேகிப்பதில்லை என்பது வேறு சங்கடம். எல்லா வகைப் பிளக்கும் கொள்ளும் மல்டி பிளக்குகளின் ஓட்டைகள் எதையும் இறுகப் பிடிப்பதில்லை. கேத்தல், ரைஸ் குக்கர், அயன் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் 16 அம்பியர், அது செருகியிருக்கும் பொயின்டோ 13 அம்பியர். இரண்டு முனைப் பிளக்கைச் செருக எர்த் ஓட்டைக்குள் பேனா மூடி விடுவதை வீட்டில் பிள்ளைகள் பார்த்துப் பழகுகிறார்கள். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே நாட்டின் தரம் என்று அறிவித்தாயிற்று. பிளக் மாற்றிப் போட ஐந்து நிமிடம் போதும், உள்ளே டீவிக்கு 3 அம்பியர், கேத்தலுக்கு 13 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கு ஒன்று. 2022 மின்வெட்டில் வாங்கியவற்றைப் புயல் நேரத்தில் வெளியே எடுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய வயரால் சுவர்ப் பொயின்டுக்குள் கரண்டைத் தள்ளாதீர்கள். அது மீற்றர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி, லைனில் 11,000 அல்லது 33,000 வோல்ட்டாக நிற்கும். அறுந்த கம்பியைத் தூக்கப் போகும் மின்சார சபை ஊழியரின் கை அங்கேதான் இருக்கும். லைவையும் நியூட்ரலையும் சேர்த்து லைனிலிருந்து வெட்டி ஜெனரேட்டருக்கு மாற்றும் இரு துருவ மாற்றுச் சுவிச் இல்லாவிட்டால், பொருளை நேரே ஜெனரேட்டரில் செருகுங்கள்.

மாவட்டத்தின் பிரதேச சபைகளும் மின்சார சபையும் தொழிற்பயிற்சி நிலையங்களும் சேர்ந்து, ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் கிராம சேவகர் பிரிவு வாரியாக எர்த்தையும் டிரிப் சுவிச்சையும் அளந்து கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். புது இணைப்புக்கு ஒருமுறை சோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதன்பின் எத்தனை அறை சேர்ந்தாலும் யாரும் கேட்பதில்லை. பயிற்சி முடித்தவர்களுக்கு அது வேலையாகவும் இருக்கும், வீட்டுக்கு கால் மணி நேரம் போதும். டிரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை வீட்டாரே அழுத்தலாம். அழுத்தி விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லாது.

அதுவரை, வீட்டுக்கு வயர்மன் கூப்பிடுகிறவர்கள் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: எர்த் கோலின் தடை எத்தனை ஓம், வயரிங்கின் காப்புத்தடை எத்தனை மெகா ஓம், டிரிப் சுவிச் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது. அளக்கும் மானி இல்லாதவர் இவற்றை எழுத முடியாது. எழுதித் தரும்வரை கூலியில் கடைசிப் பங்கைக் கையில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பு வேலை செய்வோர் சிலர்,
திருகோணமலை