அரசு இணையதளப் பாடங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பென்னாகரம், பாலக்கோடு பகுதித் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான கணக்கு, அறிவியல் பாடங்களை இந்த ஆண்டு அரசு இணையதளத் தகவல்களை வைத்து நடத்தினோம். இணையப் பாடம் என்று பேர்தான். முக்கால்வாசி வேலை காகிதத்திலும் உங்கள் கையிலும் நடந்தது.

காலை உணவு சமைக்கும் சகோதரிகளுக்கு முதல் நன்றி. வானிலை ஆய்வுத் துறையின் மழை அளவு, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. திங்கள் மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் வரும். இது தெரியாவிட்டால், "நேற்று பெய்ததே, சுழியம் போட்டிருக்கிறார்களே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பள்ளி மணி அடிக்கும் முன்பே, சரியாக 8.30-க்கு, பள்ளியில் வைத்த மழை அளக்கும் புட்டியைப் பார்த்து அளவைக் குறித்து, நீரைக் கொட்டி, மறுபடி சுழியத்தில் வைத்தது அவர்கள்தான்.

புட்டி செய்யும் பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு. குளிர்பானப் புட்டியை, கழுத்து முடிந்து உடல் நேராகும் இடத்தில் வெட்டி, மேல்பகுதியைத் தலைகீழாகச் செருகுங்கள். இதன் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் தப்பு. கூழாங்கல் போட்டு, மேடு மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தையே சுழியம் என்று குறிக்க வேண்டும். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். தரையில் மீட்டர் சதுரம் வரைந்து காட்டினால் போதும். புட்டியின் அளவும் வானிலைத் துறை இணையதளத்தின் அளவும் ஒத்துவராதபோது பிள்ளைகளைத் திருத்தச் சொல்லாதீர்கள். கோடை மழை ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறக்கூடச் செய்யாது.

அடுத்து, பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர்களுக்கு. வேளாண் சந்தை விலைகளைத் தரும் அரசின் அக்மார்க்நெட் தளத்தில் விலை குவிண்டாலுக்குத்தான் (100 கிலோ) இருக்கும். அலகைப் பார்க்காத பிள்ளை, கிலோ தக்காளி 1,800 ரூபாய் என்று எழுதிவிடும். நூறால் வகுத்தால் 18 ரூபாய். பதினைந்து கிலோ பெட்டி என்றால் 270. ஆனால் எல்லாப் பெட்டியும் ஒரே எடையில்லை என்பதைத் தராசில் வைத்துக் காட்டியது நீங்கள்தான். குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என மூன்று ஏன் இருக்கிறது என்பதும், தரம் பிரித்த குவியல்களைப் பார்த்த பிறகே விளங்கியது. எந்தப் பாடநூலும் இப்படிச் சொல்லித் தராது.

இ-சேவை மையத் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம். வகுப்பு நேரத்தில் தளத்தைத் திறந்தால் சிக்னல் போகும், இல்லையென்றால், பார்ப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா கேட்கும். முந்தின நாள் மாலையே குரோமில் மூன்று புள்ளி, பகிர், அச்சிடு, பிடிஎஃப் ஆகச் சேமி என்று போய், தேதியோடு சேமித்துவிட வேண்டும். வரைபடம் அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பதைத் தட்டினால் படம் சுருங்கி, '1 செ.மீ. = 2.5 கி.மீ.' என்ற குறிப்பு பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அதை நம்பலாம். இதைக் கவனித்துச் சொன்னவர் அவரே.

மக்கள்தொகைப் பாடத்துக்கு உதவிய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் நன்றி. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809. இவற்றையே சில பக்கங்கள் 1,506,843 என்று காற்புள்ளியிட்டுக் காட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அங்கேயே தடுமாறும். எனவே காற்புள்ளியை அழித்துவிட்டு எண்ணைக் கொடுத்து, அவர்களையே போடச் சொன்னால் இடமதிப்புப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

மழைப் பதிவேடு, விலைத்தாள் இரண்டின் மாதிரியும் நகலெடுத்து வைத்திருக்கிறோம். வேண்டும் பள்ளிகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்,
தருமபுரி மாவட்டம்