சதுக்கத்தில் கடைக்காரரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நகரச் சதுக்கங்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். மணிக்கூண்டு, சிலை, நீரூற்று எல்லாம் வந்துவிட்டன. கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "காலி இடம் கிடைத்ததும் வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள்." பல ஊர்களில் நடந்தது நேர் தலைகீழ்.

போலந்தின் கிராகோவ் சதுக்கத்தையே பாருங்கள். 1257-இல் ஊருக்குச் சாசனம் கொடுத்த கோமகன், துணி வியாபாரிகளுக்குக் கடைகள் கட்டித் தருவதாக அந்தச் சாசனத்திலேயே ஒப்புக்கொண்டார். பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் உள்ள அந்தச் சதுக்கத்தின் நடுவே இன்றும் நிற்பது துணி மண்டபம்தான். ஏதென்ஸில் தூண் அழகுக்காகப் படம் எடுக்கிறோமே, அட்டாலோஸ் மண்டபம், அதுவும் அந்தக் காலத்தில் கீழே 21, மேலே 21 என்று 42 கடைகள் கொண்ட வணிக வளாகமாக இருந்ததுதான்!

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க். சந்தை கூடும் சதுக்கத்திலுள்ள பேராலயத்தின் கோபுர வாசல் சுவரில் ரொட்டியின் அளவைக் கல்லில் கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1270, 1317 என்று ஆண்டுகள். துணி அளக்கும் கோலின் நீளமும் உண்டு. ரொட்டி சிறிதாக இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சுவரில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. விளைச்சல் குறைந்த காலத்தில் விலை ஏறாது, ரொட்டிதான் சுருங்கும். இன்றும் பாக்கெட்டுகள் சுருங்கத்தான் செய்கின்றன; என்ன, அப்போது ஊரறியச் சுவரில் எழுதிவைத்துச் சுருக்கினார்கள்.

அப்புறம் ப்ரஸ்ஸல்ஸ். 1695 ஆகஸ்டில் பிரெஞ்சுப் பீரங்கிகள் அந்தச் சதுக்கத்தை நொறுக்கின. நகர மன்றக் கோபுரம் தப்பியது. சுற்றியிருந்த வணிகர், கைவினைஞர் சங்கங்களின் வீடுகள் பெரும்பாலும் தரைமட்டம். சில ஆண்டுகளுக்குள் ரொட்டிக்காரர், கொழுப்பு வியாபாரிகள் என்று அந்தந்தச் சங்கத்தாரே மறுபடி எழுப்பிவிட்டார்கள். நாம் வியந்து பார்க்கும் முகப்புகளில் பல அவர்கள் காசில் எழுந்தவை.

கட்டுரையோடு வந்த ப்ரஸ்ஸல்ஸ் படத்தில், உச்சி கப்பலின் பின்புறம் போல இருக்கும் கட்டடத்துக்கு 'பழைய மாளிகை' என்று போட்டிருக்கிறீர்கள். அது படகுக்காரர் சங்கத்தின் வீடு. அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்