"இன்சூரன்ஸா, கேஷா?" என்று கேட்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மதுரையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அட்மிஷன் டெஸ்க்கில் முதலில் கேட்டதே இன்சூரன்ஸா, கேஷா என்றுதான். இன்சூரன்ஸ் என்றால் 1,40,000 வரை ஆகும், கேஷ் என்றால் 90,000-க்குள் முடித்துத் தரலாம் என்றார்கள். அதே டாக்டர், அதே தியேட்டர், அதே இரண்டு நாள்.

எங்கள் குடும்ப பாலிசி, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம். அதில் ரூம் வாடகைக்கு 1 சதவீத வரம்பு, அதாவது ஒரு நாளைக்கு 3,000. அங்கே காலியாக இருந்த ரூமோ 5,000. கூடுதலான 2,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டுப்பட்டு நூற்றுக்கு அறுபதுதான் வருமாம். கையுறை, முகக்கவசம் போன்றவற்றின் செலவும் நம் தலையில்தான். அது போகட்டும், உங்கள் பில் பெரிதாக ஆக அந்த 3 லட்சம் கரைகிறது. அப்பா இதய நோயாளி. பாலிசி வருஷத்தில் மிச்சம் எட்டு மாதம் இருக்கிறது, அவருக்கு ஏதாவது ஆனால்?

ஆறு வருஷம் பிரீமியம் கட்டியவன், வளையலை அடகு வைத்து கேஷ் கட்டினேன். சரி, பில்லையாவது வைத்துப் பிறகு கிளெய்ம் பண்ணலாம் என்று கேட்டால், "கேஷ் ரேட்டுக்கு கிளெய்ம் பேப்பர் தர மாட்டோம்" என்றார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் உங்களுக்குப் பணத்தை இழுத்தடிக்கின்றன, பில்லை வெட்டுகின்றன, தெரியும். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே உங்களுக்கு நேரடியாகக் கட்டும் வசதி கேட்டால் 1 மணி நேரத்தில், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-லேயே சொல்லிவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் காலை 11 மணியிலிருந்து ராத்திரி 8 வரை அப்ரூவலுக்காகப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக நீங்கள் கம்பெனிகளோடு சண்டை போடுங்கள், நாங்களும் கூட நிற்கிறோம். அந்த நஷ்டத்தை எங்கள் பாலிசியிலிருந்து எடுக்காதீர்கள்.

ஒரே ஆபரேஷனுக்கு ஒரே ரேட் வையுங்கள், அதை டெஸ்க்கிலேயே எழுதி ஒட்டுங்கள். கேஷ் கட்டினாலும் இனம் இனமாகப் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்காமலே கொடுங்கள். அடுத்த வாரம் அம்மாவை ரிவியூவுக்கு அழைத்து வருகிறேன், அப்போது என் பில்லையும் மறுபடி கேட்பேன்.