ஸ்பர்ஜனோட அம்மாவும் நானும்

அன்பு மக்கா,

அம்மா எழுதுறேன். போன்ல பேசுனா பாதியிலயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்துருது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், தப்பு இருந்தா நீயே திருத்தி வாசிச்சுக்கோ. கன்வென்ஷன் புத்தக ஸ்டால்ல, அந்தக் காலத்துல லண்டன்ல பேர்போன பிரசங்கியாரா இருந்த ஸ்பர்ஜன் பத்தின சின்ன புக் ஒண்ணு 40 ரூபாய்க்கு வாங்குனேன், ரெண்டு மத்தியானத்துல முடிச்சிட்டேன். நம்ம கோயில்ல பிரசங்கம்னா ‘ஸ்பர்ஜன் சொன்னார்’ இல்லாம முடியாதுல்ல, அந்த மனுஷன் யாருன்னு இந்த வயசுலதான் தெரிஞ்சுது.

1834ல இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் கெல்வெடன்ங்கிற ஊர்ல பொறந்திருக்காரு, அப்பாவும் தாத்தாவும் போதகருங்க. சின்னதுல தாத்தா வீட்டுல இருக்கும்போது ஒரு ஞானப்பாட்டு மனப்பாடமா சொன்னா ஆச்சி ஒரு பென்னி குடுப்பாங்களாம், இவரு மடமடன்னு ஒப்பிக்கவும் ஆச்சிக்கு கட்டுப்படி ஆகல, அரை பென்னி, கால் பென்னின்னு ரேட்டை கொறைச்சிட்டாங்க, அந்த நேரம் பாத்து தாத்தா ஒரு டஜன் எலி அடிச்சா ஒரு ஷில்லிங்னு சொல்லவும் பையன் பாட்டை விட்டுட்டு எலி பின்னாடி போயிட்டான். தூங்கிட்டிருந்த அப்பாவை எழுப்பி வாசிச்சு காட்டுனேன், உன்னைத்தான் நெனைச்சோம்.

15 வயசுல மனசுக்குள்ள பெரிய போராட்டம், 1850 ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை கொட்டுற பனியில போக நெனைச்ச இடத்துக்கு போக முடியாம கோல்செஸ்டர்ல ஒரு சந்துக்குள்ள இருந்த மெதடிஸ்ட் கோயில்ல ஒதுங்கியிருக்காரு, அங்க ஐயரும் (அந்த சபை போதகர்தான்) வந்து சேரல. ஐயர் வராத அன்னைக்கு நம்ம ஊர்ல உபதேசியார் நடத்துவாருல்ல, அது மாதிரி படிப்பு அதிகம் இல்லாத ஒருத்தர் ஏறி ‘பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப் பாருங்கள்’ங்கிற அந்த ஒரே வசனத்தை திருப்பி திருப்பி சொல்லியிருக்காரு, பெறகு நேரா இவரைப் பாத்து தம்பி நீ ரொம்ப வாடிப் போயிருக்க, அவரை நோக்கிப் பாருன்னுட்டாரு. அதோட மனசு மாறிப்போச்சு. அந்தாளு பேரு கூட உறுதியா தெரியாதாம் பாரேன்.

இதுக்கு அடுத்த பக்கத்துலதான் நான் மாட்டிக்கிட்டேன். வீட்டுல எல்லாரும் குழந்தை ஞானஸ்நானம் குடுக்குற சபை, இவருக்கும் குடுத்தாச்சு. ஆனா அதே வருஷம் மே 3ஆம் தேதி லார்க்னு ஒரு ஆத்துல போய் முழுக்கு எடுத்திருக்காரு, அதான் தண்ணிக்குள்ள முழுசா முங்கி எடுக்குற ஞானஸ்நானம். அன்னைக்கு அவங்க அம்மா பொறந்தநாள். அந்தம்மா பேரு எலைசா, 17 பிள்ளை பெத்து பாதிக்கு மேல சாகக் குடுத்தவங்க, இவருதான் மூத்தவரு. அவங்க சொன்னாங்களாம், நீ கிறிஸ்தவனாகணும்னு எத்தனையோ நாள் ஜெபம் பண்ணேன்டா, பாப்டிஸ்டாகணும்னு கேக்கவே இல்லையேன்னு. (குழந்தைக்கு குடுக்காம, விசுவாசிச்ச பெறகு முழுக்கு குடுக்குற சபைக்காரங்கதான் பாப்டிஸ்ட்.) அதுக்கு இவரு, கர்த்தர் எப்பவும் போல தாராளமா நீங்க கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்காரும்மான்னு சொல்லியிருக்காரு. புக்கை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா நீ லண்டன்ல இருந்து போன் பண்ணி முழுக்கு எடுத்துட்டேன்னு சொன்ன அன்னைக்கு, அப்போ நாங்க குடுத்தது என்னல பச்சத்தண்ணியான்னு கேட்டு போனை வச்சவ நானு. அந்தம்மா சிரிச்சிக்கிட்டே குத்தியிருக்காங்க, நான் கத்திட்டேன். அதுக்கப்புறம் நமக்குள்ள சாப்டியா, குளிரான்னு மட்டும்தான் பேச்சு.

ஒண்ணு சொல்லிக்கிறேன், எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல. உன்னை கையில வச்சு ஐயர்கிட்ட குடுத்தப்ப நான் பண்ண ஜெபம் எனக்குத் தெரியும். அது வேற.

புக் எழுதுனவர் மேல எனக்கு ஒரு வருத்தம். 1856 அக்டோபர்ல லண்டன்ல சர்ரே கார்டன்ஸ் ஹால்ல இவரு பிரசங்கத்துக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வந்திருக்கும்போது எவனோ தீ தீன்னு கத்த, தீயே இல்ல, மிதிபட்டு 7 பேர் செத்துப்போனாங்க. ஸ்பர்ஜனுக்கு அப்ப 22 வயசு, வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க பொறந்து ஒரு மாசம்தான் ஆயிருக்கு. பைபிளைப் பாத்தாலே அழுகை வருமாம், அந்த சோகம் சாகுற வரைக்கும் அப்பப்ப வந்து அமுக்குமாம். இதை அரைப் பக்கத்துல முடிச்சிட்டு, பக்கத்தைத் திருப்புனா மறு வருஷம் கிரிஸ்டல் பேலஸ்ல இவரு பிரசங்கத்துக்கு 23,654 பேர் கூட்டம்னு வந்துருது! (அதுவும் எதுக்குன்னா நம்ம நாட்டு சிப்பாய் கலகத்துக்காக அங்க வச்ச உபவாச நாளாம்.) கூட்டக் கணக்கு எனக்கு எதுக்கு, அந்த ரெண்டு மூணு வாரம் அவரு பொண்டாட்டி சூசன்னா கைப்பிள்ளைங்களையும் வச்சிக்கிட்டு புருஷனை எப்படி தேத்துனாள்னு எழுதியிருக்கலாம்ல.

1861ல அவருக்கு கட்டுன பெரிய கோயில் லண்டன்ல எலிஃபன்ட் அண்ட் காசில் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்காம், ஒரு தடவை தீ, பெறகு யுத்தத்துல குண்டு, ஆனா முன்பக்கத் தூண் மட்டும் பழசு அப்படியே நிக்குதாம். லீவுல போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நீயும் நில்லு அதுல, சும்மா கட்டடத்தை மட்டும் அனுப்பாத.

அப்புறம் நம்ம வீட்டு பெரிய பைபிள்ல முதல் பக்கத்துல நீ பொறந்தது, ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் தாத்தா கையெழுத்துல இருக்கு, அதுக்குக் கீழ ரெண்டு வரி எடம் கெடக்கு. நீ முழுக்கு எடுத்த தேதியை நான் கேக்கவே இல்ல. வாட்ஸப்ல போடு, அப்பா எழுதிருவாரு, என் கையெழுத்து கோணலா இருக்கும்.

நெத்திலி கருவாடு காய வச்சிருக்கேன், யாராச்சும் அங்க வந்தா சொல்லு.

அம்மா